உடையாத லேப்

லேப்காரருக்கு லேபிள் ஒட்டாமல் ஒரு பொருளைக் கீழே வைக்கக் கை வராது. அப்படி ஒரு வியாதி. பள்ளிக்கூட லேபில் அமில பாட்டிலுக்கு ஒட்டினால் சரி, அது வேலை. மனுஷன் வீட்டையும் விடவில்லை. உப்பு டப்பாவில் 'உப்பு', சர்க்கரை டப்பாவில் 'சர்க்கரை', காலி டப்பாவில் 'காலி'. அவர் மனைவி முன்னறையில் மிஷின் போட்டுத் துணி தைக்கிறவர். அந்தம்மாவின் கத்தரிக்கோலில் 'கத்தரிக்கோல், பெரியது' என்று ஒட்டி வைத்தார். "இது கத்தரிக்கோல்னு எனக்குத் தெரியாதாங்க?" என்று கேட்டதற்கு, "உனக்குத் தெரியும். வேற யாருக்காவது தெரியணுமில்ல?" என்றார். கத்தரிக்கோலைப் பார்த்துக் கத்தரிக்கோல் என்று தெரியாத அந்த வேறு யாரோ, இத்தனை வருஷத்தில் ஒரு நாளும் அந்த வீட்டுக்கு வரவில்லை.

அவருக்குச் சொந்தப் பேர் ஒன்று உண்டு. சம்பளப் பட்டியலைத் தாண்டி அது எங்கேயும் போனதில்லை. ஆசிரியர்களுக்கு அவர் லேப்காரர், பிள்ளைகளுக்கு லேப் அண்ணா. பள்ளிக்கூடத்தின் கடைசிக் கட்டடத்தில் ஆறு மேஜை போட்ட நீள அறைதான் அவர் ராஜ்யம். பாடம் நடத்துவது அவர் வேலையில்லை. குடுவை கழுவிக் கவிழ்ப்பார், திரி நறுக்குவார், உப்பை அளந்து பொட்டலம் கட்டுவார், பாடம் முடிந்ததும் ஆறு மேஜையையும் துடைத்துவிட்டு விளக்கை அணைப்பார். இருபத்தாறு வருஷமாக இதையே செய்து வந்தார். ஒரு வெள்ளிக்கிழமையோடு அவருக்கு ஓய்வு. நான் சொல்லப்போகிற கூத்தெல்லாம் அதற்கு முந்தைய மூன்று வாரத்தில் நடந்தது.

அவருக்கு ஊர் மெச்சுகிற பெருமை ஒன்று இருந்தது. லேபில் உடைபொருள் பதிவேடு என்று ஒரு நீளப் புத்தகம் உண்டு. என்ன பொருள், எந்தத் தேதி, எந்த வகுப்பு, எந்த மேஜை, யாரால் உடைந்தது, காரணம் என்ன என்று வரிசையாகக் கட்டம் போட்டிருக்கும். மற்ற பள்ளிக்கூடங்களில் அந்தப் புத்தகம் வருஷத்துக்கு ஒன்று தீரும். இங்கே இருபத்தாறு வருஷமாக ஒரே புத்தகம். மாதத்துக்கு ஒரு வரி, வரிக்கு ஒரே சொல்: இல்லை. பக்கத்துக்குப் பக்கம் இல்லை, இல்லை, இல்லை. மேலதிகாரிகள் வந்தால் முதலில் அதைத்தான் எடுத்துக் காட்டுவார்கள். 'உடையாத லேப்' என்று ஊரெல்லாம் பேர். ஓய்வு விழாவுக்குக் கேடயம் செய்யக் கொடுத்தாயிற்று, அதிலும் அந்த வாசகம்தான்.

அடப் போங்கள்! கண்ணாடி உடையாமல் இருக்குமா? பதின்மூன்று வயசுப் பிள்ளைகள் நாற்பது பேர், கொதிக்கிற தண்ணீர், வழுக்குகிற குழாய். உடைந்தது. வருஷா வருஷம் உடைந்தது. லேப்காரர் அதையெல்லாம் லேபுக்குப் பின்னால் குழி தோண்டிப் புதைத்துவிட்டார்.

திருட்டுப் புத்தியில் செய்ததில்லை. அவர் வேலைக்குச் சேர்ந்தபோது இருந்த தலைமையாசிரியர் ஒரு கொம்பன். யார் கண்ணாடியை உடைத்தாலும் உடைந்த சில்லுகளை ஒரு தட்டில் வைத்துக் கையில் கொடுத்து, காலைக் கூட்டத்தில் எல்லார் முன்னாலும் நிற்க வைப்பார். சேர்ந்த முதல் மாதம் ஒரு பெண் பிள்ளை அப்படி நின்றதை லேப்காரர் பார்த்தார். கை நடுங்கித் தட்டில் இருந்த சில்லுகள் கிலுகிலுவென்று சத்தம் போட்டன. பழைய பதிவேட்டின் கடைசி வரியில் அந்தப் பேரை எழுதினவரே அவர்தான். அன்றோடு எழுதுவதை விட்டார். எது உடைந்தாலும் "ஒண்ணும் ஆகல, போ போ, மூஞ்சியக் கழுவிக்கோ" என்று பிள்ளையை அனுப்பிவிடுவார். குப்பைத்தொட்டியில் போட்டால் அந்தக் கொம்பன் குப்பையைக் கிளறுவார். ஆகவே மண். பிறகு கொம்பன் போனார், வேறு வேறு ஆட்கள் வந்தார்கள், தட்டு ஏந்தும் தண்டனையும் போயிற்று. ஆனால் அதற்குள் உடையாத லேப் என்கிற பேர் வந்து உட்கார்ந்துவிட்டது. வந்த பேரைப் போ என்று சொல்ல யாருக்கு மனசு வரும்?

வருஷக் கடைசியில் சாமான் எண்ணிக்கை எடுப்பார்களே, அப்போது என்ன செய்தார் என்று கேட்பீர்கள். பக்கத்துப் பள்ளிக்கூட லேப்காரர் ஒருவர் இருந்தார், எங்கே போனாலும் சைக்கிள்தான், அதனால் பேரும் சைக்கிள். அந்தப் பள்ளியில் எண்ணிக்கை ஒரு வாரம் பிந்தி நடக்கும். இங்கே எண்ணுகிறபோது அங்கிருக்கும் குடுவையெல்லாம் பழைய துண்டில் சுற்றி இங்கே வரும். எண்ணி முடித்ததும் இங்கிருக்கிறதையும் சேர்த்துக் கட்டி அங்கே போகும். ஆக ரெண்டு பள்ளிக்கூடத்துக்கும் சேர்த்து ஒரே ஒரு லேப் சாமான்தான் இருந்தது. ரெண்டு இடத்திலும் எண்ணிக்கை கச்சிதம்.

எல்லாம் நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. போன வருஷம் ஒரு புதுத் தலைமையாசிரியை வந்தார். எங்கேயோ பயிற்சிக்குப் போய், 'கண்டறிந்து கற்றல்' என்று ஒன்றைக் கற்றுக்கொண்டு வந்தார். இனிமேல் எந்தப் பாடத்திலும் ஆசிரியர் விடையைச் சொல்லக் கூடாது. பொருளைக் கையில் கொடுக்க வேண்டும், கேள்வி கேட்க வேண்டும், வாயை மூடிக்கொள்ள வேண்டும். பிள்ளைகளே கண்டுபிடிப்பார்கள்.

அதுவரை வாயால் பிழைத்த ஆசிரியர்கள் பட்ட பாடு இருக்கிறதே! கணக்கு வாத்தியார் வட்ட மூடிகளைக் கொடுத்துச் சுற்றளவை நூலால் அளக்கச் சொல்லிவிட்டு, விடை நுனிநாக்கில் வந்து நிற்க, உதட்டைக் கடித்துக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பி நிற்பார். தமிழ் டீச்சர் தலைப்பில்லாத ஒரு கவிதையைக் கொடுத்து, இது எதைப் பற்றி என்று நீங்களே சொல்லுங்கள் என்றார். முப்பத்தெட்டுப் பேர் முப்பத்தெட்டு விஷயம் சொன்னார்கள். ஒருவன் பல்வலி என்றான். புவியியலுக்கு வராந்தாவில் மணல் மேடு கட்டி ஆறு ஓடவிட்டதில் அந்த ஆறு ஆபீஸ் அறைக்குள் புகுந்தது. இந்தத் தொற்று ஆபீஸையும் பிடித்தது. மகனுக்குச் சான்றிதழ் எப்போது கிடைக்கும் என்று கேட்ட ஒரு அப்பாவிடம் கிளார்க், "நீங்க என்ன நினைக்கறீங்க?" என்று கேட்டுவிட்டார். நல்லவேளை, அடிதடி ஆகவில்லை.

லேப்காரர் தலையில்தான் வேலை முழுக்க வந்து விழுந்தது. மூடி வேண்டும், நூல் வேண்டும், பூதக்கண்ணாடி வேண்டும், தராசு வேண்டும். "கண்டுபிடிக்கறாங்களாம், கண்டுபிடிக்கறாங்க" என்று மனைவியிடம் பொருமினார். "நான் ஒளிச்சு வைக்கிறேன், அதுங்க எடுக்குதுங்க. இதுல என்ன கண்டுபிடிப்பு?"

"நீங்க ஒளிச்சு வெச்சதை எடுக்காம இருக்கறவரைக்கும் நல்லதுங்க," என்றார் மனைவி, ஊசியில் நூல் கோத்தபடி. அவருக்கு எல்லாம் தெரியும்.

அப்படியிருக்க, வரலாறு டீச்சர் ஒரு நாள் லேபுக்கு வந்தார். சின்னப் பொண்ணு, வேலைக்கு வந்து ஒரு வருஷம்தான். எட்டாம் வகுப்புக்கு அகழாய்வு. "அண்ணா, உடைஞ்ச பானை, பழைய சீப்பு, ஒரு சாவி, இப்படிக் கொஞ்சம் பொருளை மைதானத்து ஓரமா, தண்ணித் தொட்டிகிட்ட புதைச்சு வெச்சிடுங்க. பசங்க தோண்டி எடுத்து, அங்க யார் வாழ்ந்தாங்கன்னு கண்டுபிடிக்கட்டும்."

புதைப்பதென்றால் அவருக்குப் பழகின கை. பத்து நிமிஷத்தில் முடித்துவிட்டார்.

மறுநாள் டீச்சர் வகுப்பைக் கூட்டிவந்து, "எங்க தோண்டலாம்? ஏன்? நீங்களே முடிவு பண்ணுங்க" என்றார். தண்ணித் தொட்டி பக்கம் ஓரக்கண்ணால்கூடப் பார்க்கவில்லை, முறை அப்படி. அந்த வகுப்பில் ஒரு பெண் இருந்தாள். எதைச் சொன்னாலும் "அது எப்படித் தெரியும்?" என்று கேட்பாள், அதனால் அவளுக்குச் சந்தேகம் என்று பேர். அவள் மைதானம் முழுக்க ஒரு சுற்று நடந்துவிட்டு வந்து சொன்னாள்: "லேபுக்குப் பின்னாடி, டீச்சர். மத்த இடத்துல எல்லாம் நிலம் கெட்டியா இருக்கு. அங்க மட்டும் பொதபொதன்னு இருக்கு, புல்லும் ஒழுங்கா முளைக்கல. அப்புறம், லேப் அண்ணா எங்க போனாலும் நேரா நடப்பாரு. அந்தப் பக்கம் போறப்ப மட்டும் சுத்திச் சுத்திப் பாப்பாரு."

ஜன்னலுக்குள் நின்று கேட்டுக்கொண்டிருந்த லேப்காரர் கையிலிருந்த துணியை அப்படியே போட்டார். வெளியே ஓடிவந்தார். "அங்க வேணாம் டீச்சர்! பாம்பு இருக்கு!"

வேறு பள்ளிக்கூடமாக இருந்தால் அத்தோடு முடிந்திருக்கும். வரலாறு டீச்சர் முகம் மலர்ந்துவிட்டது. "பாத்தீங்களா, அண்ணா ஒரு தகவல் சொல்றாரு. அது உண்மையான்னு எப்படிக் கண்டுபிடிப்பீங்க?"

பிள்ளைகள் விளையாட்டு வாத்தியாரிடம் கோடு போடுகிற சுண்ணாம்புத் தூளை வாங்கி லேபுக்குப் பின்னால் முழுக்கத் தூவிவிட்டுப் போனார்கள். பாம்பு ஊர்ந்தால் தடம் விழுமாம். மறுநாள் காலை பார்த்தால் பாம்புத் தடம் இல்லை. ஒரு பூனையின் தடம் இருந்தது. ஒரு ஜோடிச் செருப்புத் தடமும் இருந்தது. சாயங்காலம் மணி அடித்ததும் ஒருவர் வந்து, நின்று, குனிந்து பார்த்து, திரும்பிப் போன தடம். இடது குதிகால் தேய்ந்த செருப்பு. சந்தேகம் அதை அளவு நாடாவால் அளந்து நோட்டில் குறித்துக்கொண்டாள். லேப்காரர் அன்றைக்கு முழுக்க மேஜைக்குப் பின்னாலேயே நின்று வேலை பார்த்தார்.

பிறகென்ன, தோண்டினார்கள்.

முதல் அரையடியிலேயே ஒரு பிளாஸ்டிக் பொட்டலம் வந்தது. உள்ளே ஒரு குடுவையின் சில்லுகள். இதோடு போயிருந்தால், யாரோ குப்பையைப் புதைத்திருக்கிறார்கள் என்று சொல்லித் தப்பித்திருக்கலாம். ஆனால் நம் ஆள் யார்? உள்ளே ஒரு லேபிள் இருந்தது. பொருள், தேதி, வகுப்பு, மேஜை எண், காரணம். 'குடுவை, சிறியது. ஒன்பதாம் வகுப்பு. மேஜை 4. கை நழுவியது.' அடுத்த பொட்டலம்: 'வெப்பமானி. மேஜை 2. தும்மல்.' அடுத்தது: 'சோதனைக் குழாய் இரண்டு. மேஜை 4. பயம்.' பதிவேட்டில் எழுத முடியாததை எங்கேயாவது எழுதி வைக்காவிட்டால் அவருக்குச் சோறு இறங்காது. 'யாரால்' என்கிற கட்டத்தை மட்டும் விட்டுவிட்டு, மற்ற எல்லாக் கட்டத்தையும் மண்ணுக்குள் நிரப்பி வைத்திருந்தார், இருபத்தாறு வருஷத்துக்கு.

மூன்று நாள் தோண்டினார்கள். பொட்டலம் வந்துகொண்டே இருந்தது. விழாவுக்குப் பத்து நாள்தான் பாக்கி. லேப்காரருக்கு ஒரே ஒரு கவலைதான்: மேடையேறி, ஊர் பார்க்க, 'உடையாத லேப்' என்கிற கேடயத்தை வாங்கப்போகிற நாளில் மானம் போகப்போகிறது. இருபத்தாறு வருஷம் தலை நிமிர்ந்து நடந்த அதே வராந்தாவில் கடைசி நாள் தலை குனிந்து நடக்க வேண்டும்.

சைக்கிளிடம் போய் அழுதார். சைக்கிள் தலையில் அடித்துக்கொண்டார். "நானும்தான்யா உடைஞ்சதை எல்லாம் பாழுங்கிணத்துல போட்டேன். எவனுக்காவது தெரியுமா? தப்புப் பண்றவன் எவனாவது ரசீது எழுதி வைப்பானா?"

"எழுதாம எப்படிய்யா போடறது? பின்னாடி எது என்னன்னு தெரியாம போயிடாதா?"

"தெரியக் கூடாதுன்னுதானேய்யா புதைக்கறோம்!"



பிள்ளைகள் யாரும் அவரிடம் ஒன்றும் கேட்கவில்லை. அதுதான் பெரிய சித்திரவதை. ஒரு நாள் சந்தேகம் வந்து, "அண்ணா, காட்சிக்கு ஒரு அட்டை எழுதணும். 'குடுவை, சிறியது'ன்னு எழுதித் தாங்களேன்" என்றாள். இவரா ஏமாறுகிறவர்? பேனாவை இடது கைக்கு மாற்றிக் கோணல்மாணலாக எழுதிக் கொடுத்தார். அவள் அதை வாங்கிப் பார்த்தாள். நிமிர்ந்து, அலமாரியில் வரிசையாக நிற்கிற நூற்றுக்கணக்கான பாட்டில்களைப் பார்த்தாள். ஒவ்வொன்றிலும் வலது கையால் முத்து முத்தாக எழுதின லேபிள். "நன்றிண்ணா" என்று சொல்லிவிட்டுப் போனாள். லேப்காரருக்கு ஓவென்று அழலாம் போல இருந்தது.

இன்னொரு நாள் துணிந்து கேட்டே விட்டார். "பாப்பா, என்னதான் கண்டுபிடிச்சிருக்கீங்க?"

"இன்னும் முடிவாகலண்ணா. இப்ப சொன்னா அது வெறும் ஊகம்," என்றாள் அவள். அதோடு நின்றாளா? "அண்ணா, லேப் மேஜையெல்லாம் ஒரு மணி நேரம் வேணும், தருவீங்களா?" என்று கேட்டு வாங்கிக்கொண்டாள். எதற்கு என்று கேட்கக்கூட அவருக்குத் தெம்பில்லை.

வீட்டில் மனைவி சொன்னார்: "போய் ஒத்துக்கோங்க. நீங்களா சொன்னா பாதி மானமாவது மிஞ்சும்."

"கேடயத்துல பேர் எல்லாம் பொறிச்சாச்சு."

"ஆமா, அதுக்கும் ஒரு லேபிள் ஒட்டி மாட்டுங்க," என்று சொல்லிவிட்டு அந்தம்மா மிஷினை ஓட்ட ஆரம்பித்தார். கோபம் வந்தால் வேகமாக ஓட்டுவார். அன்றைக்கு ஒரு சட்டையின் ரெண்டு கையையும் சேர்த்துத் தைத்துவிட்டார்.

வெள்ளிக்கிழமை வந்தது. பெரிய கூடத்தில் பெற்றோர், பிள்ளைகள், ஆசிரியர்கள் எல்லாரும் உட்கார்ந்திருந்தார்கள். கடைசி வரிசையில் சைக்கிளும் வந்து உட்கார்ந்திருந்தார். முதலில் பிள்ளைகளின் கண்டுபிடிப்பு, பிறகு லேப்காரருக்குக் கேடயம். மேடையில் நாற்காலி போட்டு அவரை உட்கார வைத்திருந்தார்கள். மேடையின் இன்னொரு ஓரத்தில், ஏனோ, லேப் மேஜை ஒன்று கிடந்தது. லேப்காரர் உள்ளங்கையை வேட்டியில் துடைத்துக்கொண்டே இருந்தார்.

சந்தேகம் மைக்குக்கு முன்னால் வந்தாள். பின்னால் நீள அட்டையில் கட்டம் கட்டமாக ஒரு படம்.

"லேபுக்குப் பின்னாடி தோண்டினோம். நூத்தி முப்பத்தேழு பொட்டலம் கிடைச்சுது. எல்லாம் உடைஞ்ச கண்ணாடி."

கூடத்தில் சலசலப்பு. தலைமையாசிரியை மடியில் இருந்த கேடயத்தை ஒரு தடவை குனிந்து பார்த்தார். 

"இதை யாரு புதைச்சாங்கன்னு எல்லாரும் கேக்கறாங்க. அது எங்களுக்கு ரெண்டாவது நாளே தெரிஞ்சிடுச்சு. ரொம்பச் சுலபமான கேள்வி. அதனால அதை விட்டுட்டோம். நாங்க எடுத்துக்கிட்ட கேள்வி வேற. ஏன் இத்தனை உடைஞ்சுது?"

லேப்காரர் தப்பித்தோம் என்று நினைத்தார், பாவம்.

"லேபிள்ல காரணம் எழுதியிருக்கு. கை நழுவல், பயம், பராக்கு, அவசரம். பசங்க கவனமா இல்லாததால உடைஞ்சுதுன்னுதான் முதல்ல நாங்களும் நினைச்சோம். அப்புறம் மேஜை மேஜையா பிரிச்சுப் பார்த்தோம். லேப்ல ஆறு மேஜை இருக்கு. சமமா உடைஞ்சிருந்தா மேஜைக்கு இருபத்தி மூணுக்குக் கிட்ட வரணும். ஆனா நாலாம் மேஜையில மட்டும் தொண்ணூத்தொண்ணு உடைஞ்சிருக்கு. இருபத்தாறு வருஷமா நாலாம் மேஜையில மட்டும் கவனமில்லாத பசங்களாவே எப்படி வந்து உட்காருவாங்க?"

அவள் மேடை ஓரத்து மேஜைக்குப் போனாள். அதுதான் நாலாம் மேஜை. ஒரு கோலிக்குண்டை நடுவில் வைத்துக் கையை எடுத்தாள். குண்டு ஒரு கணம் யோசித்தது. பிறகு தானாக உருண்டு, வேகம் பிடித்து, ஓரத்துக்குப் போய்க் கீழே விழுந்தது.

"ஒரு கால் குட்டை. கண்ணுக்குத் தெரியாது, விரல்கடை அளவுகூட இல்ல. மேஜை ஈரமானா குடுவை தானா நகரும். மத்த அஞ்சு மேஜையிலயும் குண்டு வெச்சுப் பார்த்தோம், உருளல. அதனால எங்க முடிவு, நூத்தி முப்பத்தேழுல தொண்ணூத்தொண்ணு—"

"தொண்ணூத்திரண்டு!"

கத்தினது யார் என்று எல்லாரும் திரும்பினார்கள். லேப்காரர் நாற்காலியை விட்டு எழுந்து நின்றுகொண்டிருந்தார்.

"தொண்ணூத்திரண்டு பாப்பா! அந்த பிப்ரவரி மாசத்து நீளக் குழாய், மூணாம் மேஜைன்னு எழுதியிருப்பேன். அது தப்பு. அன்னிக்கு மூணுல இடம் இல்லேன்னு அந்தப் பையனை நான்தான் நாலுக்கு மாத்தி விட்டேன். லேபிள் எழுதறப்ப பழைய மேஜை நம்பரையே போட்டுட்டேன். திருத்தணும்னு நினைச்சு நினைச்சு மறந்துட்டேன்!"

சொல்லி முடித்த பிறகுதான் என்ன சொன்னோம் என்பது மனுஷனுக்கு உறைத்தது.  கடைசி வரிசையில் ஒரு நாற்காலி கிறீச்சிட்டது. சைக்கிள் எழுந்து வாசலை நோக்கி நடந்துகொண்டிருந்தார்.

சந்தேகம் கொஞ்சமும் அசரவில்லை. பேனாவை எடுத்து அட்டையில் ஒரு எண்ணை அடித்துவிட்டு 92 என்று எழுதினாள். "நன்றிண்ணா" என்றாள்.

தலைமையாசிரியை எழுந்து வந்தார். "அப்படின்னா ஒவ்வொரு வருஷமும் எண்ணிக்கை எப்படிச் சரியா இருந்துச்சு?"

லேப்காரர் வாசல் பக்கம் பார்த்தார். வெளியே சைக்கிள் மணி ஒரு தடவை அடித்தது, பிறகு கேட்கவில்லை. "அது... அதைச் சொல்ல மாட்டேன் மேடம்," என்றார். நண்பனைக் காட்டிக் கொடுக்க அவருக்கு வாய் வரவில்லை.

தலைமையாசிரியை மைக்கைத் தன் பக்கம் திருப்பினார். "சரி. அதை அடுத்த வருஷத்துப் பசங்க கண்டுபிடிக்கட்டும்," என்றார். அப்போதுதான் கூடம் சிரித்தது. முதலில் பிள்ளைகள் சிரித்தார்கள், பிறகு பெற்றோர்கள், கடைசியில் இத்தனை நாள் உதட்டைக் கடித்துக்கொண்டிருந்த கணக்கு வாத்தியார். கேடயத்தை என்ன செய்வது என்று தெரியாமல் தலைமையாசிரியை கையில் வைத்து விழித்தார். வரலாறு டீச்சர் அதை வாங்கிப் பொட்டலங்களுக்குப் பக்கத்தில் சாய்த்து வைத்தார். அதன் கீழே ஒரு பையன் அவசரமாக ஒரு அட்டை எழுதி வைத்தான்: 'எழுதி வைத்ததெல்லாம் நடந்ததாகாது.'

லேப்காரர் மட்டும் சிரிக்கவில்லை. அவர் மானத்தைப் பற்றிக்கூட நினைக்கவில்லை. நாலாம் மேஜைக்குப் பக்கத்தில் போய்க் குனிந்து அந்தக் காலைத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார். இருபத்தாறு வருஷம் தினமும் துடைத்த மேஜை.

விழா முடிந்து எல்லாரும் கலைந்தார்கள். அவருடைய மனைவி தேடிக்கொண்டு லேபுக்குப் போனால், மனுஷன் உடைபொருள் பதிவேட்டை விரித்து வைத்து எழுதிக்கொண்டிருக்கிறார். பக்கத்தில் நாலாம் மேஜை லேபிள் தொண்ணூற்றிரண்டும் முதலில், மற்றவை அதற்கடுத்து என்று தேதிவாரியாக அடுக்கியிருந்தன. 'இல்லை' என்று இருந்த இடத்தையெல்லாம் ஒற்றைக் கோடு போட்டு அடித்துவிட்டு, பின்பக்கத்து வெற்றுத் தாள்களில் முதல் வருஷத்திலிருந்து ஆரம்பித்திருந்தார்.

"இன்னிக்கு வேலையே முடிஞ்சுபோச்சு. இனிமே எதுக்குங்க இது?" என்றார் மனைவி.

"ஒரு அட்டைத் துண்டு," என்றார் லேப்காரர்.  "அந்தக் காலுக்கு அடியில ஒரு அட்டைத் துண்டு மடிச்சு வெச்சிருந்தா போதும். முதல் வருஷமே இந்தப் புத்தகத்துல ஒழுங்கா எழுதியிருந்தா, அடுத்த வருஷம் யாராவது பார்த்துட்டு ஏண்டா நாலாம் மேஜைன்னு கேட்டிருப்பாங்க. நான் பாவம் பார்த்துப் பார்த்துப் புதைச்சேன். பயந்துபோய் உடைச்சிட்டே, பராக்குப் பார்த்து உடைச்சிட்டேன்னு நானே எழுதினேன். புள்ளைங்களும் தங்க மேலதான் தப்புன்னு நம்பிக்கிட்டுப் போச்சுங்க."

மனைவி ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

பதிவேட்டைத் திரும்ப வாங்க வந்த கிளார்க் எட்டிப் பார்த்தார். 'யாரால்' என்கிற கட்டத்தில் 'யாராலும் இல்லை' என்று எழுதியிருந்தது. 'காரணம்' என்கிற கட்டத்தில் 'மேஜையின் கால் குட்டை'. அடுத்த வரியிலும் அப்படியே, அதற்கடுத்த வரியிலும் அப்படியே. முத்து முத்தான கையெழுத்து.

"அண்ணே, மணி அஞ்சு ஆகப்போகுது," என்றார் கிளார்க். "எல்லாம் ஒரே காரணம்தானே? முதல் வரியில எழுதிட்டுக் கீழ எல்லாம் மேற்படி, மேற்படின்னு போட்டுட்டு வாங்க."

லேப்காரர் நிமிர்ந்து பார்க்கவில்லை. அடுத்த லேபிளை எடுத்துத் தேதியைச் சரிபார்த்தார்.

"அது எப்படிப்பா போடறது? ஒவ்வொரு புள்ளையும் தனித்தனியாத்தானே அழுதுச்சு," என்று சொல்லிவிட்டு, நாற்பத்தோராவது வரியை முழுசாக எழுத ஆரம்பித்தார்.